கிருத்திகைக்குக் கிண்டிய கோதுமை உப்புமா

முதலில் மன்னித்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு பெயின்ட் கடையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். டப்பா மூடியின் மேல் நிறத்தின் நம்பரை எழுதுவதுதான் நான் இதுவரை எழுதியது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவன் சாப்பாட்டைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் பேசத் தெரிந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசிப் பேசி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் என் மச்சானிடம் ஆரம்பித்தது. மனைவியின் அண்ணன். அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே வெள்ளை ஷூ வாங்கிக்கொண்டு சில்வர் பீச்சில் நடக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். நடக்கும் கூட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கால் மணி நேரம் நடப்பார்கள், பிறகு ஒரு மணி நேரம் கட்டைச் சுவரில் உட்கார்ந்து மற்றவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று தீர்ப்பு சொல்வார்கள். எல்லாருக்கும் தொப்பை இருக்கும். அதைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு முகாமில் என் ரத்தத்தைப் பார்த்துச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். இன்னும் வரவில்லை, வரலாம். இது போதும் மச்சானுக்கு. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அரிசிய உட்டுடு மாப்ள. வெறும் வெள்ள வெஷம். காலைல கோதும ரவ, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. ஆறு மாசத்துல ஆள் எப்படி ஆவுற பாரு."

எங்கள் பக்கத்தில் இது ஒரு புது மதம் மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் நெல் விளைகிறது. விளைவித்தவன் அதை விற்றுவிட்டு எங்கிருந்தோ வரும் கோதுமையைப் பிசைந்து தேய்த்துக்கொண்டிருக்கிறான். சர்க்கரை வந்தால் சப்பாத்தி, ரத்த அழுத்தம் வந்தால் சப்பாத்தி, ஒன்றுமே வராவிட்டாலும் வந்துவிடக் கூடாதே என்று சப்பாத்தி. கிருத்திகை, சஷ்டி என்று விரதம் இருந்தாலும் சோறுதான் ஆகாது; கோதுமை உப்புமா ஒரு தட்டு நிறைய ஆகும். சாமிக்கே அரிசி மேல்தான் கோபம் என்பது போல நடந்துகொள்கிறார்கள்.

நானும் சேர்ந்தேன். மறுத்துப் பேசக் கூச்சம், அவ்வளவுதான். இரண்டு வருடம் சோற்றைக் கண்ணால் பார்க்கவில்லை.

முதல் சில மாதங்களிலேயே வயிறு சரியில்லாமல் போனது. சாப்பிட்டதும் ஊதிக்கொள்ளும், பிறகு ஓட வேண்டும். கடையில் வாடிக்கையாளரை நிறுத்திவிட்டு ஒரு நாளைக்கு ஆறு தடவை பின்பக்கம் போனால் முதலாளி என்ன நினைப்பார்? அதனால் மதியச் சாப்பாட்டையே விட்டேன். உடம்பு இளைத்தது. கன்னம் ஒட்டியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன்.

ஊர் மெச்சியது. "என்னண்ணே, சின்னப் பையன் மாதிரி ஆயிட்டீங்க, என்ன டயட்டு?" என்று கேட்காதவர் இல்லை. மனிதன் நோயில் இளைக்கிறானா, ஆரோக்கியத்தில் இளைக்கிறானா என்று பார்க்கும் கண் இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை. இளைத்தால் போதும், பாராட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னைச் சில்வர் பீச்சுக்கே அழைத்துக்கொண்டு போனார். சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இவருதான் எங்க மாப்ள. ரெண்டே வருஷம். என்ன மருந்து? ஒண்ணும் கெடையாது. கோதும. அவுங்க வீட்ல அரிசியே சேக்கறது இல்ல."

அவர்கள் தலையாட்டினார்கள். சிதம்பரத்தில் சொந்தக்காரர்கள் உள்ள ஒருவர் என் முழங்கையைத் தொட்டே பார்த்தார். நான் அந்த நேரத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது, அதற்கு ஓட எத்தனை நிமிடம் ஆகும் என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் கடையில் ஏணி மேல் நின்று ப்ரைமர் டப்பாவை எடுக்கும்போது கண் இருட்டியது. விழுந்தேன். டப்பாவும் விழுந்து திறந்துகொண்டது. வெள்ளையாகக் கிடந்த என்னைப் பார்த்து முதலாளி செத்தே போனேன் என்று நினைத்தாராம். உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது என்றார்கள். கடலூரில் மூன்று டாக்டர்கள் மாற்றி மாற்றிச் சத்து மாத்திரை எழுதினார்கள். அதில் இருவர் சப்பாத்தி சாப்பிடச் சொன்னார்கள். நாலாவதாகப் பாண்டிச்சேரியில் ஒரு லேடி டாக்டர் ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துளி கிள்ளி அனுப்பினார். முடிவு வந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"கோதுமை எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். மற்றவர்களை ஒன்றும் செய்யாது. என் குடலை அது தின்றுகொண்டிருந்தது. இனி ஆயுசுக்கும் ஒரு சிட்டிகை கூடாது. பிள்ளைக்கும் வர வாய்ப்பு உண்டு, பார்த்துவிடுங்கள் என்றார். ஒரே மகள். அவளுக்குப் பார்த்ததில் இல்லை என்று வந்தது. அன்று மட்டும்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மச்சான் நம்பவில்லை.

"கோதும ஒத்துக்கலியா? அப்ப பஞ்சாப்காரன்லாம் செத்தா பூட்டான்? நீ கட மாவு வாங்கியிருப்ப மாப்ள. கோதும வாங்கி, கழுவி, காய வச்சி அரைக்கணும்."

"டாக்டர் எதுவுமே கூடாதுன்னாங்க மச்சான்."

"டாக்டருக்கு என்ன தெரியும்? சரி, கோதும வேணாம். கோதும புல்லு ஜூஸ் குடி."

மறுநாள் நிஜமாகவே ஒரு பச்சைப் பொடி டப்பாவைக் கொடுத்தனுப்பினார். அதை மாடியில் செடிக்குப் போட்டேன். செடியும் பட்டுப்போனது. அது தண்ணீர் ஊற்றாததால் இருக்கலாம், நான் சும்மா பழி போடவில்லை.

பாண்டிச்சேரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் பிள்ளை அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருந்தது. அதில் பாதி சாமான் எனக்குப் பெயரே தெரியாதவை. கீன்வா என்று ஒன்று. மளிகைக் கடையில் கேட்டதற்கு, "என்னண்ணே, பெயின்ட்டா?" என்றார் கடைக்காரர். கடைசியில் புதிதாகத் திறந்த ஒரு சிறுதானியக் கடையில் கிடைத்தது. அந்தக் கடையை ஒரு தடவை பார்க்க வேண்டும். மூங்கில் கூடை, மண்பானை, சணல் பை, ஆனால் உள்ளே ஏசி. அரிசி மாவுப் பொட்டலத்தின் மேல் 'குளூட்டன் இல்லாதது' என்று தங்க எழுத்து. அரிசியில் அது எந்தக் காலத்தில் இருந்தது? தண்ணீர் பாட்டில் மேல் எலும்பு இல்லாதது என்று எழுதி விற்பதற்கு ஒப்பானது இது. என் முன்னால் நின்ற ஒரு அம்மா இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பக்கத்து பேக்கரியில் பன்னும் வாங்கிக்கொண்டு போனது.

நான் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சோற்றுக்கே திரும்பினேன். அளவாகச் சோறு, நிறையக் கீரை, மீன், கேழ்வரகுக் கூழ். சர்க்கரை எல்லையிலேயே நின்றது, தாண்டவில்லை. ஆனால் வயிறு மட்டும் முழுதாக அடங்கவில்லை. நாலு மாதம் ஆகியும் வாரத்தில் மூன்று நாள் பழைய கதைதான். திருட்டுத்தனமாகப் பரோட்டா சாப்பிடுகிறேன் என்று மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு காலை அவள் ரசம் கொதிக்க வைத்துவிட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு இங்க வாங்க. இது என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. சுத்தப் பெருங்காயம் காரமாக இருக்கும் என்று மாவு கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்களாம். சாம்பாரில், ரசத்தில், மோரில், ஊறுகாயில் என்று தினம் தினம் நான் கோதுமையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கடையில் யார் எந்த டப்பாவைக் கேட்டாலும் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவது என் வேலை. என் வீட்டு டப்பாவை இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மச்சானைச் சொல்லும் வாயால் என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

பெருங்காயம் நின்றது. பூண்டும் சீரகமும் அதன் வேலையைப் பார்த்தன. இரண்டு மாதத்தில் பெல்ட்டின் பழைய ஓட்டைக்குத் திரும்பினேன். "என்னண்ணே, வெயிட்டு போட்டுட்டீங்க, கொஞ்சம் கண்ட்ரோல் பண்ணுங்க" என்று ஊர் வருத்தப்பட்டது.

இந்த நேரத்தில்தான் மகளுக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. சில்வர் பீச்சில் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாரே, அவருடைய சொந்தம். சிதம்பரத்தில் வீடு. பையனும் அப்பா அம்மாவும் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகளுக்குப் பிடித்துவிட்டது. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அப்போதெல்லாம் சரி போ என்று இருந்தவள், இந்தப் பையனிடம் போனில் பேச ஆரம்பித்த பிறகு முகமே வேறாக இருந்தது. வீடு பார்க்க நாங்கள் சிதம்பரம் போவதுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போன வீட்டில், நமக்குச் சம்மதம் என்றால்தான் கை நனைப்போம். அதாவது பலகாரம் சாப்பிடுவோம். சம்மதம் இல்லை என்றால் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவோம். வேண்டாம் என்று வாயால் சொல்லும் சங்கடமே கிடையாது. தட்டைத் தொடவில்லை என்றால் அவர்களுக்குப் புரிந்துவிடும். என்னைப் போன்றவனுக்கு ஏற்ற வழக்கம் என்று முன்பெல்லாம் நினைத்திருக்கிறேன்.

புறப்படும்போது மகள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அங்க போயி தட்ட தொடாம ஒக்காந்துடாத. அவுங்க வேற மாதிரி நெனைச்சிப்பாங்க."

"கோதுமையா இருந்தா என்னம்மா செய்யிறது?"

அவள் ஒரு வாய் சாப்பிடு என்று சொல்ல வந்து விழுங்கினாள். அது எனக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் மச்சான் வகுப்பெடுத்தார். "நோயின்னு மட்டும் வாயத் தொறக்காத. அப்பனுக்கு இருந்தா பொண்ணுக்கும் இருக்கும்பாங்க. நான் பாத்துக்கறேன்."

"அவளுக்கு இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கே மச்சான்."

"ரிப்போர்ட்ட யாரு நம்பறா? நீ கம்முனு இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

வீடு தெற்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. சுத்தமான வீடு. பையனின் அப்பா அதிகம் பேசாதவர், அதனாலேயே எனக்குப் பிடித்தது. பையனின் அம்மா நெற்றி நிறைய விபூதியோடு தட்டு தட்டாகக் கொண்டுவந்து வைத்தார். கேசரி. கோதுமை அல்வா. சேமியாப் பாயசம். சமோசா.

"உங்க அண்ணன் சொன்னாங்க, நீங்க அரிசியே சேக்க மாட்டீங்களாமே. அதான் எல்லாமே கோதுமைல செஞ்சிருக்கேன்" என்று என் மனைவியிடம் சொன்னார்.

மச்சான் சீலிங் ஃபேனைப் பார்த்தார். சில்வர் பீச்சில் பீற்றிக்கொண்டது சிதம்பரம் வரை வந்து தட்டில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து அவருக்கு வெட்கம் வரவில்லை. யோசனைதான் வந்தது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தவர் முகம் பளிச்சென்று ஆனது.

நான் தட்டைத் தொடவில்லை. மற்றவர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். பெண்ணின் அப்பாவான நான் மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். காப்பி குடிக்கலாம், ஆனால் அது பலகாரத்துக்குப் பிறகுதான் வரும். பையனின் அப்பா என் தட்டைப் பார்த்தார், பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பையன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தான். என்ன ஆச்சு என்று வீட்டிலிருந்து என் மகள்தான் கேட்டிருப்பாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மச்சான். "இன்னிக்கி கிருத்திகை இல்ல? எங்க மாப்ள வெரதம். இனிப்பு, எண்ணெய் எதையும் தொட மாட்டாரு. பக்தி ஜாஸ்தி."

அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"அடடா, நானும் கிருத்திகைதாங்க! மொதல்லயே சொல்லக் கூடாதா? விரதத்துக்குன்னு தனியா கோதும ரவ உப்புமா கிண்டி வச்சிருக்கேன். வெங்காயம்கூட போடல."

உள்ளே போய் வாழை இலைத் துண்டில் ஆவி பறக்க வைத்துக்கொண்டு வந்தார். மேலே நெய். எனக்கு வைத்துவிட்டு அவரும் எதிரில் தனக்கு வைத்துக்கொண்டார். விரதக்காரர்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம். இனி சோறு இருக்கிறதா என்று கேட்கவும் வழியில்லை. விரதம் இருப்பவன் சோறு கேட்பானா?

சாப்பிட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். இதை மறைக்கவில்லை. ஒரு வாய்தானே, நாலு நாள் கஷ்டம், மகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று விரலால் ஒரு கவளம் உருட்டினேன். தற்செயலாக மச்சானைப் பார்த்தேன். சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, வேலை முடிந்தது என்பது போல அல்வாவை வழித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணைக் காட்டினார், ம், சாப்பிடு என்று. இரண்டு வருடம் என்னைச் சாகடித்ததும் இதே முகம்தான், இதே 'சாப்பிடு'தான். தைரியம் எதுவும் எனக்கு வரவில்லை. அந்த முகத்தின் மேல் வந்த அருவருப்புதான் வாயைத் திறந்தது.

"விரதம் இல்லீங்க," என்றேன்.

உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்தேன்.

"காலைல மீன் கொழம்பு ஊத்தி இட்லி சாப்பிட்டுத்தாங்க வந்தேன். எனக்குக் கோதும ஒத்துக்காது. குடல்ல ஒரு நோவு. டாக்டர் ஒரு சிட்டிககூட கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பொண்ணுக்குப் பாத்தாச்சி, அவளுக்கு இல்ல. உங்க வீடு எங்களுக்குப் புடிச்சிருக்கு. சோறு இருந்தா ஒரு கை போடுங்க."

இவ்வளவு நீளமாக நான் ஒரே மூச்சில் பேசியதை என் மனைவியே கேட்டதில்லை. அவள் தலைகுனிந்து சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் இருமினார்.

"மீன் கொழம்பா," என்றார் அந்த அம்மா. கிருத்திகையும் அதுவுமாகத் தன் வீட்டில் உட்கார்ந்து விரதம் என்று பொய் சொல்லிவிட்டார்களே என்ற கோபம் குரலில் இருந்தது. கோபம் நியாயம்தான். "சோறு மத்தியானம் வடிச்சதுதாங்க இருக்கு. அத எப்படி ஒங்களுக்குப் போடறது?"

"அதுவே போதுங்க."

"போடுறியா இல்ல நான் போடட்டுமா?" என்றார் பையனின் அப்பா. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அந்த அம்மா உள்ளே போனார். "தயிர் ஊத்தி தாளிச்சித் தரவா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். தாளித்தால் பெருங்காயம் வரும். வேண்டாம், உப்பு போதும் என்றேன். ஆறிப்போன சோறும் தயிரும் உப்பும் ஒரு எவர்சில்வர் தட்டில் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பையனின் அப்பா என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்த அம்மா உப்புமாவை மூடி உள்ளே எடுத்துப்போனார்.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் எனக்கு முன்னால் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். "கெடுத்துட்டான்" என்று மனைவியிடம் மட்டும் சொன்னாராம். வீட்டில் மகள் போனோடு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பையனின் அப்பா போன் செய்து, பெண்ணுக்கு ரத்தம் பார்த்த ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். மதியம் சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் சாப்பிட்டேன். சாயங்காலம் நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி மறுபடி போன் வந்தது.